பாகம் இரண்டு வேண்டாம்

மகனே,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. அன்பு குறைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. கோபம் முன்னால் வந்து குந்திக்கொண்டிருக்கிறது, அது எழும்பினால்தான் மற்றதற்கு இடம். இதை உனக்குத் தபாலில் அனுப்பாமல், இங்கே கனடாவில், ஸ்காபரோவில் தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நீ என்னையும் இன்னொருவரையும் உலகத்துக்கு முன்னால் வைத்துப் பேசினாய். என் பதிலை எங்கள் ஆட்களுக்கு முன்னாலாவது நான் வைக்கவேண்டும். உன் பெயரை எழுதவில்லை, அவர் பெயரையும் எழுதவில்லை. அவரிடம் போய், எழுதட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை வகுப்பில் நீ படித்த தமிழ் இதற்குப் போதும். போதாவிட்டால் அம்மாவைக் கேள், வாசித்துக் காட்டுவாள். அவள் உன் பக்கம்தான். 'பெடியன் யோசிக்காமல் செய்துபோட்டான், விடுங்கோவன்' என்று நாளுக்கு நாலு தரம் சொல்கிறாள். என்னால் விட முடியவில்லை.

நீ பாங்கொக்குக்குப் போய் இருக்கப்போகிறேன் என்று சொன்ன நாள் நினைவிருக்கிறதா? உன் வேலை மடிக்கணினியில்தானே, எங்கே இருந்தும் செய்யலாம், அங்கே வாடகை குறைவு, வெயில் இருக்கிறது, சாப்பாடு நல்லது என்றாய். எல்லாம் சரிதான். எனக்கு மட்டும் அந்த ஊரின் பெயர் வேறு மாதிரிக் கேட்டது. கனடாவுக்கு வருவதற்கு முன்னால் நான் அங்கே ஒளித்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அதற்கு மேலே அன்றைக்கு உனக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்லியிருக்கவில்லை. பிறகு நீ அங்கிருந்து காணொளிகள் போடத் தொடங்கினாய். அம்மா தொலைபேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் பிடிப்பாள். பொலித்தீன் பையில் கோப்பி வாங்கிக் குடிக்கிறாய். செம்மஞ்சள் சட்டை போட்ட ஓட்டுநருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு நெரிசலுக்குள்ளே பறக்கிறாய். உறைப்பு வேண்டாம் என்று அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிடுகிறாய். உடுப்புத் தோய்க்கும் மனிசி உன் சட்டையை மாறிக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறாள், நீயும் சிரிக்கிறாய். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. நான் செருப்பை வாசலில் விடப் பயந்த ஊரில் என் மகன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிறான் என்று நினைத்தேன். நாங்கள் செருப்பைத் தூக்கி அறைக்குள்ளே வைப்போம். வெளியே கிடந்தால் உள்ளே ஆள் இருப்பது பொலிசுக்குத் தெரிந்துவிடும்.

அப்போதுதான் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடன் பேசத் தொடங்கினாய். அதற்கு முன்னர் அம்மாவிடம் பேசி முடித்துவிட்டு, 'அப்பாவுக்கு ஹாய் சொல்லுங்கோ' என்பதோடு சரி. இப்போது என்னையே கூப்பிட்டாய். 'அப்பா, நீங்கள் இருந்த ரூம் எப்படி இருந்தது? என்ன சாப்பிட்டீங்கள்? ஆர் கூட இருந்தவை?' என்று கேட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் என்னோடு ஒரு கதை பேச ஆளில்லாமல் இருந்தவன் நான். ஞாயிறு வந்தால் தலையை வாரி இழுத்துக்கொண்டு, நல்ல சேட்டு ஒன்றையும் போட்டுக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பேன். 'கலியாணத்துக்குப் போறியளோ?' என்று அம்மா பகிடி பண்ணுவாள். மகன் கேட்கிறான் என்று நான் வாய் ஓயாமல் சொன்னேன். விட்பி மாமாவைப் பற்றியும் அப்படித்தான் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை வாசிப்பவர்களுக்காக அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவரும் நானும் ஒரே அறையில் ஒளித்திருந்தோம். எனக்கு மூத்தவர், நான் அவரை அண்ணை என்பேன். அவர் குடும்பம் விட்பிக்கு வீடு மாறிய பிறகு நீதான் அவருக்கு விட்பி மாமா என்று பெயர் வைத்தாய். நீ பனியில் வழுக்கி விழுந்து கையை முறித்தபோது நான் பஸ் வேலையில் நிற்க, உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

மாக்கம் நகரில் நடந்த கலியாண வீட்டில்தான் நீ போட்ட அந்தக் காணொளியை நான் பார்த்தேன். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் ஒரு தொலைபேசியைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளே இன்னொரு சிரிப்புக் கேட்டது. அது என்னுடையது. முதலில் எனக்கு விளங்கவில்லை, நான் இங்கே நிற்கிறேன், என் குரல் அங்கே எப்படிச் சிரிக்கிறது? 'அண்ணை, உது உங்கட குரல்தானே? உவர் ஆர், உந்தப் பிக்கு? எங்கட ஆள்தானே?' என்று ஒருவர் கேட்டார். எட்டிப் பார்த்தேன். நானும் விட்பி மாமாவும் கோயிலில் நிற்கும் படம். அவர் முகத்தை மட்டும் நீ கலங்கலாக்கியிருந்தாய். மகனே, ரொறன்ரோவில் என் தோளோடு தோள் நிற்கிற, அந்தப் பச்சைக்கரைச் சால்வை போட்ட மனிதர் யார் என்று தெரிய முகமா வேண்டும்? நிமிர்ந்தபோது அவர் மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறது. தட்டை மேசையில் வைத்தார், மகளைக் கூப்பிட்டார், போய்விட்டார். அவர் போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பரவாயில்லை. 'நீயா?' என்று கேட்பது மாதிரி இருந்தது.

நீ பதிவுசெய்கிறாய் என்று எனக்குச் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சேட்டுப் போட்டுக்கொண்டு காத்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் உனக்கு வேலை நேரம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் காணொளியில் வந்த கதை பொய் என்று நான் சொல்லவரவில்லை. நடந்ததுதான். பக்கத்துக் கட்டடத்தைப் பொலிஸ் சுற்றிவளைத்து எங்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போன பிறகு, நாங்கள் இருவரும் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அறையில் அரிசி முடிந்துவிட்டது. அந்த ஊரில் காவி கட்டியவரை யாரும் மறித்து விசா கேட்பதில்லை என்று அவர் கவனித்து வைத்திருந்தார். ஒருநாள் கொட்டுகிற மழைக்குள்ளே போய், துணியும் பிச்சைப் பாத்திரமும் சேர்த்து விற்கும் கடையில் ஒரு சோடி வாங்கிக்கொண்டு வந்தார். நான்தான் அவருக்குத் தலையை வழித்தேன், அங்கே பிக்குகளுக்குப் புருவமும் இருக்காது என்பதால் புருவத்தையும் வழித்தேன். வழித்து முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தது உண்மை. காலையில் வெறுங்காலோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவார், சனங்கள் முழங்காலில் நின்று சோறும் அவித்த முட்டையும் கறிப் பைக்கட்டும் வைப்பார்கள். அவர் சைவம். இறைச்சியை எனக்குத் தந்துவிட்டு வெறும் சோற்றைத் தின்பார். சாப்பாடு வைத்தவர்கள் எழும்பாமல் கும்பிட்டபடி காத்திருப்பார்களாம், பிக்கு ஆசீர்வாதம் ஓதவேண்டும். இவருக்குப் பாளியும் தெரியாது, ஒரு கோதாரியும் தெரியாது. சின்ன வயதில் கோயிலில் பாடிய பதிகம் ஒன்றை மூக்கால் முணுமுணுத்துவிட்டு வருவார். இதை நான் சொல்லும்போது நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். அந்த இடத்தில்தான் நீ காணொளியை முடித்தாய், என் சிரிப்போடு.

எங்கள் ஆட்களுக்கு அந்தத் துணி என்றால் என்ன என்று நீ யோசித்துப் பார்த்தாயா? ஊரில் சண்டைக் காலத்தில் எங்களுக்கு எதிராக நின்றவர்களோடு சேர்த்தே அந்த நிறத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அவருடைய சொந்தத் தம்பி ஷெல்லடியில் போனவன். அப்படிப்பட்டவர் பசிக்கு அந்தத் துணியைக் கட்டினார் என்றால் அது பகிடி இல்லை. இப்போது கடைத்தெருவில் அவரைக் கண்டால் பின்னால் கை கூப்புகிறார்கள். 'பிக்கு வாறார், சோறு வையுங்கோ' என்று ஒருவன் சொன்னதை நானே என் காதால் கேட்டேன். அவருடைய பேரப்பிள்ளையிடம் பள்ளிக்கூடத்தில் யாரோ அந்தக் காணொளியைக் காட்டியிருக்கிறார்கள்.

இதைக்கூட நான் எப்படியோ விழுங்கியிருப்பேன். நீ வெட்டி எறிந்தாயே ஒன்று, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அன்றைக்கு நான் உனக்குச் சொன்ன கதை சிரிப்போடு முடியவில்லை. முழுவதையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உடைந்தது, நீ 'டேக் யுவர் ரைம், அப்பா' என்று சொன்னாய். அந்தக் குரலும் உன்னிடம் பதிவாகித்தானே இருக்கும்?

நீ போடாததை நான் இங்கே போடுகிறேன். எங்கள் சந்து முனையில் ஒரு பெண் தையல் மெஷின் வைத்திருந்தாள். தினமும் முதலில் சோறு வைப்பவள் அவள்தான். ஒருநாள் அவளுக்குப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது, பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பிள்ளை. சோற்றை வைத்துவிட்டு, அவர் பதிகத்தை முணுமுணுக்கத் தொடங்கியதும், அவள் ஒரு சின்னச் செம்பிலிருந்து கிண்ணத்துக்குள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். அவர் முடிக்கும் வரைக்கும் ஊற்றினாள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் மரத்தடியில் விட்டுவிட்டு, படத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். நாங்கள் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற ஆட்கள், யாரும் எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அண்ணை அறைக்கு வந்தார், துணியைக் கழற்றி மடித்தார், பாத்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரோடு சாய்ந்தார். 'தம்பி, அவள் செத்த பிள்ளைக்கெண்டு தந்த சோறு. ஒரு பிக்கு வாங்கினால்தான் அது அவனுக்குப் போய்ச் சேருமாம். நான் இடையிலை நிண்டு வாங்கித் திண்டுகொண்டிருந்திருக்கிறன்.' அன்றைக்கு அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், பசி. அதற்குப் பிறகு அவர் அந்தத் துணியைத் தொடவேயில்லை. நாங்கள் கனடாவுக்கு விமானம் ஏறும் வரைக்கும் எப்படிச் சமாளித்தோம் என்பது வேறு கதை.

ரொறன்ரோவுக்கு வந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கியதுமே, நாங்கள் போகும் கோயிலில் ஒரு அன்னதானம் பதிந்தார். அன்றிலிருந்து வருடம் தவறாமல் ஆனி மாதத்தில் ஒரு நாள் அவருடையது. நீயும் அதில் பந்திக்குத் தண்ணீர் வைத்திருக்கிறாய். யாருக்காக என்று எல்லோரும் கேட்பார்கள், தம்பிக்காக என்று நினைத்துக்கொள்வார்கள், அவர் திருத்துவதில்லை. அர்ச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டால், 'பேர் தெரியாது ஐயா, ஒரு பிள்ளை' என்று மெதுவாகச் சொல்வார். எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது அது. மூன்றாவது ஆளாக உனக்குச் சொன்னேன். அவரிடம் கேளாமல் சொன்னது என் பிழை, அதை நான் மறைக்கவில்லை. என் மகன்தானே என்று நினைத்தேன்.

இந்த ஆனியில் அவர் அன்னதானம் செய்யவில்லை. கோயிலுக்குத் தொலைபேசி எடுத்து, வேறு யாருக்காவது அந்த நாளைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். போனமாதம் நான் விட்பிக்குப் போனேன். மகள் கதவைத் திறந்துவிட்டுக் கீழே கையைக் காட்டினாள். நிலவறையில் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு இருந்தார். 'அண்ணை, நீங்கள் செய்யாட்டில் நான் செய்யிறன்' என்றேன். 'என்ன சொல்லிச் செய்வாய்? பந்தியிலை இருக்கிறவன் ஒவ்வொருத்தனும் என்ரை பாத்திரத்தைத்தான் நினைப்பான். அந்தப் பிள்ளையின்ரை பேரிலை சிரிச்சுக்கொண்டு தின்ன விடேலாது, தம்பி' என்றார். நான் உனக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'பெடியன் நல்லாத்தான் கதை சொல்லுறான். புருவம் வழிச்ச இடத்திலை எனக்கே சிரிப்பு வந்திட்டுது. இனி அவள் தண்ணி ஊத்தினதைச் சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். முடிஞ்சுபோச்சு.'

இதை எழுதட்டுமா என்று அப்போதுதான் கேட்டேன். 'நீயெண்டாலும் கேட்டியே. எழுது. ஆனா தண்ணியை விட்டிடாதை' என்றார். தேநீர் போட்டுத் தந்தார், தனக்குப் போடவில்லை. முன்பென்றால் கார் வரைக்கும் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு இன்னும் அரைமணித்தியாலம் கதைப்பார். அன்றைக்கு மகள்தான் என்னை வழியனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு உனக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அதை வெட்டினாய் என்று கேட்டேன். 'அப்பா, அது ஸ்லோ ஆக்கிச்சுது. ஆக்கள் பாதியிலை விட்டிட்டுப் போயிடுவினம்' என்றாய். பிறகு மன்னிப்புக் கேட்டாய், காணொளியை எடுத்துவிட்டேன் என்றாய். எடுத்திருப்பாய். இங்கே ஒவ்வொருவருடைய வட்சப்பிலும் அது இருக்கிறது, மாமன் மச்சான் என்று ரெக்ஸ்டேல் வரைக்கும் போய்விட்டது. என்றாலும் நீ அழுவது போல இருந்தது, என் மனம் இளகிவிட்டது. 'நான் அந்தச் சந்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறன் அப்பா. மாமாவுக்காக நானே விடியக் காலமை போய் ஒரு பிக்குவுக்குச் சோறு குடுக்கிறன், தண்ணியும் ஊத்துறன்' என்றாய். என் பிள்ளை என் பிள்ளைதான் என்று அம்மாவுக்குக் கையைக் காட்டினேன். அப்போதுதான் நீ சொன்னாய்: 'அதைப் பார்ட் டூவாப் போடலாம். எல்லாம் சரியாகிவிடும். உங்கட வொய்ஸ் என்னட்டை இருக்குத்தானே.'

நீ கெட்டவன் இல்லை, மகனே. கெட்டவன் என்றால் எனக்கு லேசாகப் போயிருக்கும். சரிப்படுத்தத்தான் நினைத்தாய். ஒரு அழுகையை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கலாம் என்பது மட்டும் உனக்குத் தோன்றவில்லை. உன் கடவுச்சீட்டில் தாய்லாந்து முத்திரை பளிச்சென்று இருக்கிறது, நீ வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வாழலாம், உன் நாளை எல்லாம் உலகத்துக்குக் காட்டலாம். அது உன் நாள், காட்டு. கோப்பியைக் காட்டு, மழையைக் காட்டு, உறைப்பில் அழுகிற உன் முகத்தைக் காட்டு, அம்மா பார்த்துச் சந்தோஷப்படட்டும். எங்களுடைய நாட்கள் ஒளித்திருந்து காப்பாற்றியவை. ஒளித்ததனால்தான் மிஞ்சினோம்.

என் குரல் உன்னிடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் அழித்துவிடு. தண்ணீர் ஊற்றப் போவதென்றால் தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போ. ஊற்றிவிட்டேன் என்று எனக்குச் சொல்லாதே. சொன்னால் நான் நம்பவேண்டும், இப்போதைக்கு என்னால் அது முடியாது. உன்னைப் பெற்றவன் இதை எழுதவேண்டி வந்ததே என்று எனக்கு நெஞ்சு நோகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடு. நான் பேசாமல் விடமாட்டேன். இங்கே குளிர் எப்படி, அம்மாவின் முழங்கால் எப்படி, பனி தள்ள ஆள் பிடித்தாயிற்றா என்று கேள், எல்லாம் சொல்கிறேன். பழையதைக் கேட்காதே. இன்னும் எவ்வளவோ இருந்தது. உன் அம்மாவை முதலில் எங்கே கண்டேன், நீ பிறந்த அன்று நான் பஸ்ஸை எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஓடினேன், உனக்கு இந்தப் பெயரை யார் நினைவாக வைத்தேன் என்பதெல்லாம் உனக்குத் தெரியாது. ஞாயிறு ஞாயிறாகச் சொல்லி முடிக்கலாம் என்றுதான் இருந்தேன்.

அப்பா